கடைசி வரிசையில் ஒரு ரபி

சண்டை பிடிப்பதை அழகாகச் செய்யத் தெரிந்த மனிதர்களைப் பார்க்க வேண்டுமென்றால் நான் வேலை செய்யும் இடத்துக்கு வாருங்கள். கர்க்லாண்டில், ஒரு சின்னத் தெருவின் முடிவில் இருக்கும் யூத ஜெபக்கூடம் அது. வாரநாட்களில் அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பேன், கூட்டங்களில் குறிப்பு எழுதுவேன். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், எனக்கு இல்லை. அன்று காலையில் வந்து, வழிபாடு முடிந்ததும் அவர்கள் சாப்பிடுவதற்கு முட்டை சலட்டும் மீனும் கேக்கும் மேசையில் எடுத்து வைப்பேன். அவர்களுடைய உணவு விதிப்படி என் சொந்தச் சாப்பாடு அந்தச் சமையலறைக்குள் நுழையக் கூடாது. அதனால் மாரிகாலம் முழுவதும் என் புட்டையும் மீன்குழம்பையும் காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறேன். கார் மணக்கிறது என்று கிருபானந்தன் முறைப்பாடு செய்வார். கிருபானந்தன் என் புருஷன்.

அங்கே என்னோடு பேசுவது ஆங்கிலத்தில், கோபம் வந்தால் பிரெஞ்சில். ஆனால் எவர் எந்தப் பாஷையில் பேசினாலும் நிரோஜா என்கிற எனக்கு அது எங்கள் ஊர்த் தமிழாகத்தான் காதில் விழும். அப்படியே எழுதுகிறேன்.

ரபி என்றால் எங்கள் கோயில் ஐயரைப் போல என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். இல்லை. வழிபாட்டை அவர்களில் யாரும் முன்னுக்கு நின்று நடத்தலாம். ரபி என்பவர் சட்டம் தெரிந்தவர், படிப்பிப்பவர், செத்தவீட்டுக்கு முதலில் வந்து கடைசியில் போகிறவர். எங்கள் அம்மா சாவகச்சேரியில் இறந்து, எனக்குப் போக முடியாமல் போனபோது, ரபி வெக்ஸ்லர் வில்லரேயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் வீட்டுச் சமையலை அவர் சாப்பிட முடியாது. அதற்காகக் கோட்டுப் பைக்குள் ஒரு தோடம்பழத்தைக் கொண்டு வந்து, உரித்து, எங்களுக்கும் சுளை சுளையாகப் பங்கு வைத்துவிட்டுத் தானும் சாப்பிட்டார். அம்மாவைப் பற்றிக் கேட்டார். பிறகு நான் அழுது முடியும்வரை சும்மா இருந்தார். அந்த மனிதரை எனக்கு அன்றிலிருந்து நிரம்பப் பிடிக்கும்.

அவர்களுடைய வழிபாட்டில் ஒரு கட்டம் உண்டு. எல்லாரும் எழுந்து, எருசலேம் இருக்கும் திசையைப் பார்த்து நின்று, ஒரு நீண்ட செபத்தை உதட்டுக்குள் சொல்வார்கள். சொல்லி முடித்தவர் பின்பக்கமாகக் காலெடுத்து வைத்து, குனிந்து நிமிர்ந்து, பிறகு உட்காருவார். வழிபாட்டை நடத்துபவர் மட்டும் உடனே தொடரக் கூடாது. ரபி முடிக்கும்வரை காத்திருந்துதான் அதே செபத்தை உரத்துச் சொல்லத் தொடங்குவார். இதைச் சமையலறைக் கதவின் கண்ணாடிக்குள்ளால் பல வருடமாகப் பார்த்திருக்கிறேன். அந்த அமைதியில் கரண்டி ஒன்று விழுந்தாலும் ஊருக்கே கேட்கும்.

போன இலையுதிர் காலத்தில் அந்த அமைதி நீளத் தொடங்கியது. ரபி மேடையில், தன் நாற்காலிக்கு முன்னால், செபித்துக்கொண்டே நிற்பார். மற்ற எல்லாரும் முடித்து உட்கார்ந்துவிட்டார்கள். வழிபாட்டை நடத்தும் பல் டாக்டர் ஹெர்ஷ் மேசையில் கையை வைத்தபடி அவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "ரபிக்குப் பக்தி கூடிப்போச்சு" என்று ஹெர்ஷ் முதலில் பகிடியாகச் சொன்னார். சில கிழமைகளில் அந்தப் பகிடியை விட்டுவிட்டார். முட்டை சலட்டில் ஒரு கறுவேப்பிலை விழுந்தாலும் என்னிடம் வந்து விசாரணை வைக்கிற சனம் இது. அந்தச் சனம் ஒருவர்கூட மணிக்கூட்டைப் பார்க்காமல், தொண்டையைச் செருமாமல் காத்திருந்தது. நான் கண்ணாடிக்குப் பின்னால் நின்று அதிசயப்பட்டேன்.

பனி விழத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை ரபி தானே மேடையில் நின்று சொன்னார்.

"நான் செபத்தின்ர நடுவுக்கு வாறன். அங்க வந்தவுடன முன்னுக்குள்ளதைச் சொன்னனானோ எண்டு தெரியேல்லை. சந்தேகம் வந்தால் திரும்பவும் முதலில இருந்து சொல்ல வேணும். அப்பிடித்தான் நான் திரும்பத் திரும்பத் தொடங்கிறன். டாக்குத்தர் இதுக்கு ஒரு பேர் வைச்சிருக்கிறார். நீங்கள் ஒருத்தரும் ஒண்டும் கேக்காமல் காத்து நிண்டனீங்கள், அதுக்குப் பெரிய உபகாரம். ஆனால் இனி வேற ரபியைப் பாருங்கோ."

ஹெர்ஷ் அன்று மிச்ச வழிபாட்டை நடத்த முடியாமல் வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

எங்கள் ஆட்கள் என்றால் அடுத்த கிழமையே ஆள் வந்திருக்கும். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு கடைக்கு மேலே எங்களுக்கு ஒரு கோயில் இருந்தது. பழைய ஐயருக்குச் சத்தம் எழும்பவில்லை என்று நிர்வாகம் ஒரு பின்னேரத்தில் முடிவெடுத்தது. அவருக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து, அனுப்பிவிட்டு ரொறன்ரோவில் இருந்து புதியவரைக் கொண்டு வந்தது. பாதிப்பேர் கோபித்துக்கொண்டு போய் வேறொரு நிலவறையில் புதிய கோயில் தொடங்கினார்கள். கிருபானந்தன் போனவர்களில் ஒருவர். இப்போது ஒரே சாமிக்கு ஒரே நாளில் இரண்டு திருவிழா நடக்கிறது, நாங்கள் இரண்டுக்கும் போவதில்லை.

இங்கே நடந்தது வேறு. ஒரு குழு அமைத்து எலிசா பெனொலியலைத் தலைவராக்கினார்கள். எலிசா பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பம் மொரொக்கோவில் இருந்து வந்தது, தகப்பன் இந்த ஜெபக்கூடத்தைக் கட்டியவர்களில் ஒருவர். எலிசா சிரித்தால் நான் அந்தத் திகதியைக் குறித்து வைப்பேன். முதல் கூட்டத்தில் நான் குறிப்பில் "புதிய ரபியைத் தேடும் குழு" என்று எழுத, எட்டிப் பார்த்துவிட்டு வெட்டச் சொன்னார்.

"நாங்கள் இன்னும் தேடேல்லை, நிரோஜா. தேடுறதுக்கு ஆயத்தப்படுறம். அதுவும் இடைக்கால ரபி ஒருத்தரை."

"ஆயத்தப்படுறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

"இத்தனை வருசம் ஒருத்தரோட இருந்தனாங்கள். அடுத்த கிழமை இன்னொருத்தரைக் கொண்டந்து அதே நாற்காலியில இருத்தினால், பாவம், அந்தாளை ஒவ்வொரு சொல்லுக்கும் இவரோட நிறுத்துப் பாப்பம். அதுக்குத்தான் இடையில ஒருத்தர். அவர் இஞ்ச நிரந்தரமாக வேலை கேக்கக் கூடாது எண்டு முதலே கதைச்சுத்தான் எடுக்கிறது. எங்களைத் துக்கப்பட விட்டு, பேந்து எழும்ப வைச்சிட்டுப் போறதுதான் அவற்ர வேலை."

போகப்போகிறோம் என்று தெரிந்தே வந்து, மற்றவர்களின் துக்கத்தைத் தாங்கிவிட்டுப் போவதற்கு ஒருவர். அப்படி ஒரு வேலையை ஒரு சனம் யோசித்து வைத்திருக்கிறதே என்று எனக்குப் பெரிய மரியாதை வந்தது. இரவு சாப்பிடும்போது கிருபானந்தனிடம் சொன்னேன். "எங்கட ஆக்களிட்டச் சொன்னால் இடைக்காலமாக வந்தவர் பேரில ஒரு கோயில் எழும்பும்" என்றார். அனுபவம் பேசியது.

அதற்குப் பிறகு கிழமைக்கு ஒரு வீடு. உறுப்பினர் ஒருவர் தன் வீட்டில் சூப் வைத்து மற்றவர்களைக் கூப்பிடுவார். நாங்கள் எதை இழந்துவிட்டோம், எது மாறக் கூடாது என்பதுதான் கேள்வி. நான் மூலையில் இருந்து குறிப்பு எழுதுவேன். எலிசா ஒரு விதி வைத்திருந்தார். ஒருவரை மறுத்துப் பேசுவதற்கு முன், அவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல்ல வேண்டும், "ஓம், அதைத்தான் சொன்னனான்" என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் மறுக்கலாம். இந்த விதி எங்கள் கோயிலில் இருந்திருந்தால் பாதிச் சண்டைக்கு ஆளே கிடைத்திருக்காது. இங்கே விதியைப் பிடித்துக்கொண்டே சத்தம் போட்டார்கள். ஹெர்ஷ் மேசையில் அடித்தார், எலிசா பிரெஞ்சுக்கு மாறினார். சண்டை முடிந்ததும் ஹெர்ஷ் எலிசாவின் கிண்ணத்தில் சூப்பை ஊற்றி, "உப்புக் குறைவு" என்று இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்காரரைக் குறை சொன்னார்கள்.

பெரிய சண்டை ரபி வெக்ஸ்லரைப் பற்றித்தான் வந்தது. ஜெபக்கூடங்களுக்கு ஆலோசனை சொல்லும் தலைமை அமைப்பு ஒன்று இருக்கிறது. இடைக்கால ரபி இருக்கும் காலம் முழுவதும் பழைய ரபி அந்த ஜெபக்கூடத்துக்கு வராமல் ஒதுங்கி இருக்க வேண்டும் என்பது அதன் ஆலோசனை. நியாயம் இல்லாமல் இல்லை. புதியவர் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாத் தலையும் பழையவரின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். எலிசா அதைப் படித்துவிட்டு, "இது கஷ்டம்தான், ஆனால் செய்ய வேணும்" என்றார். எலிசாவின் வாயால் வந்தால் முடிந்த மாதிரி.

மறுநாள் காலை ரபியின் மனைவி பெர்லா அலுவலகத்துக்கு வந்தார். கோட்டைக் கழற்றாமலே என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"நிரோஜா, அவர் தேத்தண்ணி போடுறதை மறந்திட்டார். போன மாதம் மருந்துக்கடைக்குப் போய் வழி தெரியாமல் நிண்டு, ஆரோ ஒரு பொடிச்சி கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்து விட்டது. ஆனால் சனிக்கிழமை விடிஞ்சால் தானே கோட்டை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டு நேராக இஞ்ச வாறார். ஒருக்காலும் பிழைக்கேல்லை. அந்த ஒரு பாதைதான் அவரிட்ட மிச்சம். அதையும் எடுத்தால் அவர் வீட்டுக்குள்ளேயே துலைஞ்சு போவார்."

என்னிடம் சொல்லி ஆவதற்கு ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும். இருந்தும் சொன்னார். நான் எழுந்து தேநீர் போட்டுக் கொடுத்தேன். பிறகு எலிசாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, பெர்லா சொன்னதை ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தேன்.

அந்தக் கிழமைக் கூட்டம் ஹெர்ஷின் வீட்டில். "ரபி வரத்தான் வேணும்" என்று ஹெர்ஷ். "வந்தால் புதுசா வாறவர் ஒருநாளும் ரபியாக ஏலாது, அது வாறவருக்கும் அநியாயம், எங்களுக்கும் அநியாயம்" என்று எலிசா. சூப் ஆறிப்போனது. ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்லி, ஒப்புதல் வாங்கி, மறுத்து, மறுத்ததை இன்னொருவர் திருப்பிச் சொல்லி, எனக்குக் கை உளைந்தது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ரபி வரட்டும். ஆனால் மேடையில் இல்லை, முன்னாலும் இல்லை. கடைசி வரிசையில், கதவோரம். யாரும் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், ஹெர்ஷ் அவருக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. இடைக்கால ரபி வருவதற்கு முன்பே பழகிக்கொள்ளலாம் என்று அடுத்த சனிக்கிழமையே தொடங்குவதாக முடிவு. எல்லாருக்கும் தங்கள் கெட்டித்தனத்தில் ஒரு திருப்தி. எனக்கும்தான்.

அந்தச் சனிக்கிழமை ரபி வந்து, காட்டிய இடத்தில், ஒரு மறுப்பும் சொல்லாமல் கதவோரம் உட்கார்ந்தார். சமையலறைக் கண்ணாடியில் இருந்து பார்த்தால் எனக்கு மிகக் கிட்ட. மௌனச் செபத்துக்கு எல்லாரும் எழுந்தார்கள். கொஞ்ச நேரத்தில் முன்வரிசைகளில் சிலர் முடித்து உட்கார்ந்தார்கள். ரபிக்கு நேர் முன்னால் நின்ற பெண்மணி மட்டும் புத்தகத்தை மூடிய பிறகும் அசையாமல் நின்றார். அவருக்கு முன்னால் நின்றவரும் அப்படியே. அவருக்கு முன்னால் நின்றவரும். அந்த நேர்கோட்டில் மேடைவரை ஒருவரும் உட்காரவில்லை.

எனக்கு அப்போது விளங்கவில்லை, பிறகுதான் ஹெர்ஷ் சொன்னார். அவர்களுடைய சட்டப்படி, உனக்குப் பின்னால் நிற்பவர் இன்னும் அந்தச் செபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தால், நீ பின்னால் காலெடுத்து வைக்கக் கூடாது. செபிக்கிற மனிதரின் முன்னால் போய் இடிக்கக் கூடாது என்பதற்காக. காலெடுத்து வைக்காவிட்டால் செபம் முடிந்ததாகாது, முடியாமல் உட்காரவும் கூடாது. ஆக, மிக மெதுவாகச் செபிக்கிற மனிதரைக் கடைசி வரிசையில் கொண்டுபோய் வைத்தால், அவருக்கு முன்னால் இருக்கிற அத்தனை பேரும் அகப்பட்டுப்போவார்கள். அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் சின்ன வயதிலிருந்தே தெரிந்த விதி இது. அவ்வளவு சூப் குடித்து அவ்வளவு வாதாடியவர்களில் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

நடுக்கோட்டில் இருந்தவர்கள் நிற்க, தாங்கள் மட்டும் உட்கார்ந்திருப்பது சரியில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கூடம் முழுவதும் நிற்பதைப் பார்த்து ஹெர்ஷும் தொடங்காமல் நின்றார். ரபிக்காகக் காத்திருக்கக் கூடாது என்று செய்த ஏற்பாட்டில் ஊரே ரபிக்காகக் காத்து நின்றது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ரபி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, முதலில் இருந்து, திரும்ப முதலில் இருந்து.

கடைசியில் அவர் பின்னால் காலெடுத்து வைத்து, குனிந்து, நிமிர்ந்து, கண்ணைத் திறந்தார். முன்னால் வரிசை வரிசையாக முதுகுகள். உடனே அவருக்கு விளங்கிவிட்டது. மறதி வருத்தம் அவரிடம் இருந்து எத்தனையோவற்றை எடுத்திருந்தாலும் இதை விளங்கிக்கொள்ளும் அறிவை எடுக்கவில்லை. வழிபாடு முடிந்ததும் மேசைப் பக்கம் வராமல், பெர்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அந்த முட்டை சலட்டைத் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது.

திங்கட்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். ரபி தன் செபச் சால்வையை வைத்திருக்கும் நீல வெல்வெட் பையை எடுக்க வந்திருந்தார். ஓய்வுநாளில் அவர் எதையும் தூக்கிக்கொண்டு நடக்க மாட்டார். அதனால் அந்தப் பை இத்தனை வருடமும் ஜெபக்கூடத்திலேயே இருந்தது. பை வீட்டுக்குப் போகிறதென்றால் ஆள் இனி வரமாட்டார் என்று அர்த்தம்.

"வைச்சிட்டுப் போங்கோ, ரபி" என்றேன். அதற்கு எனக்கு என்ன உரிமை.

"சனத்துக்குப் பாரமாக இருக்கக் கூடாது, நிரோஜா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பெர்லா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேரும் அழுதிருப்போம்.

அவர்கள் போனதும் எலிசாவுக்குச் சொன்னேன். என் குரலில் கொஞ்சம் சூடு இருந்தது, மறைக்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்று இருந்தது. எலிசா ஏசவில்லை. "கார் இருக்குதோ?" என்று மட்டும் கேட்டார். கண்ணில் சத்திரசிகிச்சை செய்ததால் பனிக்காலத்தில் அவர் கார் ஓடுவதில்லை. போய் ஏற்றினேன். மீன்குழம்பு மணத்தைப் பற்றியும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவருக்கு அது பெரிய விஷயம்.

ரபியின் வீட்டில் எலிசா கோட்டோடு நின்றபடியே பேசினார்.

"உங்களைக் கடைசி வரிசையில வைச்சது என்ர மூளை. பிழையான இடம்."

"பிழை இடத்தில இல்லை, எலிசா" என்றார் ரபி. "சனத்தைக் காக்க வைக்கக் கூடாது. அதை உங்களுக்குப் படிப்பிச்சதே நான்தானே."

"ஓம். ஆரையும் காக்க வைக்காத இடம் ஒண்டு இருக்கு. முன்வரிசை, சுவரோரம். அங்க உங்களுக்கு முன்னால ஒருத்தரும் இல்லை, சுவர்தான். சுவருக்குக் கதிரையில இருக்க வேண்டிய அவசரம் இல்லை. பின்னால நிக்கிறவை தங்கட பாட்டில முடிச்சிட்டு இருப்பினம். ஹெர்ஷ் தொடங்கட்டும். நீங்கள் ஆறுதலாச் சொல்லுங்கோ."

ரபி அவரை உற்றுப் பார்த்தார். "அது உம்மட தகப்பன்ர இடம். பிறகு உம்மட இடம்."

"ஓம்."

"அப்ப நீர் எங்க இருப்பீர்?"

"உங்களுக்குப் பின்னால."

தகப்பன் செத்த பிறகு எலிசா அந்த இடத்தில் தவிர வேறெங்கும் உட்கார்ந்ததை நான் கண்டதில்லை. ஒருமுறை தெரியாமல் யாரோ விருந்தாளி அதில் உட்கார்ந்துவிட்டு, எலிசா வந்து பக்கத்தில் நின்ற விதத்திலேயே எழும்பி ஓடினார்.

"புதுசா வாற ரபி?" என்று ரபி கேட்டார். "மேடையில இருந்து பாத்தால் நான்தான் முதல் தெரிவன்."

"அதுக்கு ஏற்ற ஆளைத் தேடுறது என்ர வேலை. உங்கட வேலை அந்தப் பையைத் தாறது."

ரபி எழுந்து அறைக்குள் போனார். அலுமாரியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது, பிறகு இன்னொன்று. பை வாசல் நடையில் இருந்த கதிரையில் எங்கள் கண்முன்னால் கிடந்தது. நான் வாயைத் திறக்கப் போக, எலிசா என் கையைத் தொட்டார். ரபி திரும்பி வந்து, கதிரையைக் கண்டு, பையை எடுத்துத் தூசி தட்டி, எலிசாவின் இரண்டு கையிலும் வைத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் எலிசா அதை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை நான் சலட்டைக் கிண்டுவதை விட்டுவிட்டுக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். ரபி முன்வரிசையில் சுவரோரம். அவருக்குப் பின்னால் எலிசா. மௌனச் செபம் தொடங்கியது, ஒவ்வொருவராக முடித்து உட்கார்ந்தார்கள். ரபி நின்றார். ஹெர்ஷ் பழக்கத்தில் மேடையில் இருந்த வெறும் நாற்காலியைப் பார்த்தார், பிறகு எலிசாவைப் பார்த்தார். எலிசா தலையை அசைத்தார். ஹெர்ஷ் உரத்துத் தொடங்கினார். கூடம் ஆமென் சொன்னது. அதற்கு நடுவில் ரபி தன் பாட்டில், ஒருவருக்கும் பாரமில்லாமல், தன் செபத்தைச் சொல்லிக்கொண்டு நின்றார்.

அவரோடு இன்னும் ஒருவர் நின்றார். எலிசா. அவர் முடித்துப் பின்னால் காலெடுத்து வைத்ததை நான் கண்டேன். எதையும் கெதியாக முடிக்கிற மனிதர் அவர். சட்டப்படி அவர் உட்காரலாம். உட்காரவில்லை.

ரபி முடித்து, பின்வாங்கி, குனிந்து நிமிர்ந்தார். சுற்றிலும் சத்தமாக ஏதோ நடந்துகொண்டிருக்கிறது. எந்த இடத்தில் நடக்கிறது என்று தெரியாமல் அவர் முகம் ஒரு கணம் சின்னப் பிள்ளையின் முகமாக வெளிறியது. திரும்பினார். எலிசா தன் புத்தகத்தை அவர் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, ஒரு வரியில் விரலை வைத்துக் காட்டினார். ரபி குனிந்து பார்த்தார். பிறகு ஹெர்ஷின் குரலோடு சேர்ந்துகொண்டார், கூடத்திலேயே மிக உரத்த ஆமென் அவருடையதுதான். நான் ஏப்ரனால் கண்ணைத் துடைத்தேன். இவர்களைப் போல மனிதர்கள் இருக்கிற ஊரில் நானும் இருக்கிறேன் என்று பெருமையாக இருந்தது.

அன்று பின்னேரம் கிருபானந்தனைக் கேட்டேன். "எங்கட பழைய ஐயர் இப்ப எங்க இருக்கிறார்?"

அவர் ரிவியைப் பார்த்தபடி, "அக்கடி வீதிப் பக்கம் மகளோட எண்டு ஆரோ சொன்னவை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து ரிவியை நிறுத்திவிட்டு, தொலைபேசியை எடுத்து யாரையோ விசாரிக்கத் தொடங்கினார்.

திங்கட்கிழமை எலிசா வந்து, விண்ணப்பிக்கும் ரபிகளுக்கு அனுப்பப்போகும் கேள்விகளைச் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். படிப்பு, அனுபவம், பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது என்று வழக்கமானவைதான். கடைசிக் கேள்விக்கு எலிசா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"உங்களுக்கு முன் இஞ்ச ரபியாக இருந்தவர் முன்வரிசையில நிண்டு செபிப்பார். நீங்கள் முடிச்ச பிறகும் நிப்பார். அவருக்காகக் காத்திருக்கவும் வேண்டாம், அவரை அவசரப்படுத்தவும் வேண்டாம். உங்களால ஏலுமோ?"

சிலர் அந்தக் கேள்விக்கு நீண்ட பதில் எழுதினார்கள். அனுபவம், அணுகுமுறை என்றெல்லாம் எழுதியிருந்தார்கள், எலிசா வாசித்துவிட்டு மடித்து வைத்தார். தலைமை அமைப்பு சொன்னதற்கு மாறான ஏற்பாடு என்று ஒருவர் விலகிக்கொண்டார். அவரிலும் பிழை சொல்ல முடியாது.

ஒரு பெண் ரபி வின்னிபெக்கில் இருந்து தொலைபேசியில் கூப்பிட்டார். எலிசா ஒலிபெருக்கியில் போட்டார்.

"உங்கட கடைசிக் கேள்வியை வாசிச்சனான்" என்றது அந்தக் குரல். "பதில் எழுதுறதுக்கு முன்னம் ஒண்டு கேக்க வேணும். அவர் நிக்கிற இடத்தில வெளிச்சம் காணுமோ? இந்த வருத்தக்காரருக்கு வெளிச்சம் காணாட்டில் எழுத்து ஓடிப்போகும். என்ர அப்பாவுக்கும் இருந்தது."

எலிசா என்னைப் பார்த்தார். நான் யோசித்தேன். சுவரோரம். ஜன்னல் எதிர்ப்பக்கம். வெளிச்சம் குறைவுதான். அத்தனை வருடம் எலிசா அங்கே உட்கார்ந்திருக்கிறார், அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

"பாத்துச் சொல்லுறம்" என்று எலிசா நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

"ஆள் கிடைச்சிட்டுதுபோல" என்றேன்.

"இன்னும் தேடத் தொடங்கேல்லை, நிரோஜா" என்றார் எலிசா. "ஆயத்தம்தான் நடக்குது." சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் திகதியைக் குறித்துக்கொண்டேன். பிறகு அவர் சொன்னபடி, அந்தச் சுவரில் ஒரு விளக்குப் போட்டுத் தர சனிக்கிழமைக்கு முன் வர முடியுமா என்று கரண்ட் வேலைக்காரருக்குத் தொலைபேசி அடித்துக் கேட்டேன்.